ஒரே அளவில் ஒரு வளையம்

2005 ஆகஸ்ட் 4-ஆம் தேதி, ரஷ்யாவின் தொலைகிழக்கில் உள்ள கம்சாட்கா கடற்கரைக்கு அப்பால், 190 மீட்டர் ஆழத்தில் ஏஎஸ்-28 என்ற சிறு கலம் சிக்கிக்கொண்டது. கடலடியில் நிறுவப்பட்டிருந்த ஒலியுணர் கருவியின் கம்பிகளும் மீன்பிடி வலைகளும் அதைப் பிணைத்துவிட்டன. உள்ளே ஏழு பேர். மூழ்கிப்போன நீர்மூழ்கிகளிலிருந்து மாலுமிகளை மீட்பதற்கென்றே கட்டப்பட்ட 'பிரிஸ்' வகைக் கலம் அது. மீட்கப் போக வேண்டிய கலமே மீட்புக்குக் காத்துக் கிடந்தது.

ஏழு பேரும் செய்ய முடிந்ததெல்லாம் அசையாமல் படுத்திருப்பதுதான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விளக்குகளையும் சூடேற்றிகளையும் அணைத்தார்கள். உள்ளே குளிர் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கியது. கனத்த உடைகளைப் போட்டுக்கொண்டு, பேச்சைக் குறைத்து, குறைவாக மூச்சு விட்டுக் கிடந்தார்கள்.

மேலே ரஷ்யக் கடற்படை, ஒரு நாளைக்குள் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளிடம் உதவி கேட்டது. ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் விமான நிலையத்திலிருந்து சி-17 சரக்கு விமானம் ஒன்று, 'ஸ்கார்ப்பியோ 45' என்ற தொலையியக்க எந்திரத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஆள் இல்லாமல், நீண்ட கம்பிவடத்தின் வழியே மேலிருந்து இயக்கப்படும் எந்திரம் அது. முன்பக்கத்தில் கேமராவும், இரும்பு வடத்தை வெட்டும் கத்தியும் உண்டு. கமாண்டர் இயன் ரிச்சஸ் தலைமையில் வந்த பிரிட்டிஷ் குழு அதை ரஷ்யக் கப்பல் ஒன்றிலிருந்து கடலில் இறக்கியது. கம்பிகளையும் வலைகளையும் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். ஆகஸ்ட் 7-ஆம் தேதி ஏஎஸ்-28 தானாக மேலே எழும்பி வந்தது. ஏழு பேரும் உயிரோடு வெளியே ஏறினார்கள். அமெரிக்க எந்திரங்கள் அதற்குள் கம்சாட்காவுக்கு வந்திருந்தன. ஜப்பானியக் கப்பல்கள் வழியில் இருந்தன.

இந்தக் கதையின் ஆணிவேர் ஐந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த இன்னொரு விபத்தில் இருக்கிறது. அதற்குப் போகுமுன், மூழ்கிய கப்பலில் மனிதனைக் கொல்வது எது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் சாகிறார்கள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பெரும்பாலும் அதற்கு முன்பே வேறொன்று முந்திக்கொள்கிறது. அசையாமல் படுத்திருக்கும் மனிதன் மணிக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறான். கிட்டத்தட்ட அதே அளவு கார்பன் டை ஆக்சைடை, அதாவது கரியமில வாயுவை, வெளிவிடுகிறான். நாம் சுவாசிக்கும் காற்றில் அந்த வாயு 0.04 சதவீதம். மூடிய அறையில் அது மூன்று சதவீதத்தைத் தொடும்போது தலைவலியும் மூச்சிரைப்பும் தொடங்கும். ஆறேழு சதவீதத்தில் புத்தி தடுமாறும். பத்தைத் தாண்டினால் நினைவு போகும். அப்போதும் அறையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கும். அதனால்தான் நீர்மூழ்கிகளில், ஆக்சிஜன் தரும் குளோரேட் மெழுகுவத்திகளைப் போலவே, கரியமில வாயுவை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு போன்ற ரசாயனமும் கட்டாயம் இருக்கும்.

இதோடு அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். உடைந்த கப்பலில் தண்ணீர் ஏற ஏற, மிச்சமிருக்கும் காற்று சுருங்கி அழுந்துகிறது. அழுத்தம் இரண்டு மடங்கானால் மூன்று சதவீதக் கரியமில வாயு உடலுக்கு ஆறு சதவீதம் போலத் தாக்கும். நைட்ரஜனும் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துவிடும். அந்த நிலையில் ஒருவரைச் சட்டென்று மேலே கொண்டுவந்தால் கரைந்த வாயு குமிழ்களாகப் பிரிந்து மூட்டுகளையும் முதுகுத் தண்டையும் தாக்கும். ஆகவே மீட்புக் கலம், கப்பலுக்குள் இருந்த அதே அழுத்தத்தோடு ஆட்களை ஏற்றி, மேலே கப்பலில் உள்ள அழுத்த அறைக்கு அப்படியே மாற்ற வேண்டும். அங்கே அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். சில நேரம் அதற்கு நாட்கணக்கில் ஆகும்.

1939 ஜூன் 1-ஆம் தேதி பிரிட்டனின் லிவர்பூல் விரிகுடாவில் சோதனை ஓட்டத்துக்குப் போன 'தீட்டிஸ்' நீர்மூழ்கி மூழ்கியது. வழக்கமான மாலுமிகளோடு கப்பல் கட்டும் தளத்தின் பணியாளர்களும் ஏறியிருந்ததால் உள்ளே 103 பேர். கப்பலின் பின்பகுதி கொஞ்ச நேரம் நீருக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்தும், தப்பும் அறை வழியாக வெளியே வந்தவர்கள் நான்கு பேர் மட்டுமே. மற்ற 99 பேர் இறந்தார்கள். அவ்வளவு பேர் விட்ட மூச்சே அவர்களைக் கொன்றது.

அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன் அமெரிக்கக் கரையில் வேறொன்று நடந்திருந்தது. மே 23-ஆம் தேதி 'ஸ்குவாலஸ்' என்ற நீர்மூழ்கி 74 மீட்டர் ஆழத்தில் போய் அமர்ந்தது. பின்பகுதியில் 26 பேர் உடனே மூழ்கி இறந்தார்கள். முன்பகுதியில் 33 பேர் பிழைத்திருந்தார்கள். சார்லஸ் மாம்சன் என்ற கடற்படை அதிகாரி, நீர்மூழ்கியிலிருந்து ஆட்களைக் காப்பாற்ற முடியும் என்று பல ஆண்டுகளாக வாதாடி வந்தவர். மணி வடிவ மீட்பு அறை ஒன்றுக்கான யோசனை அவருடையது. ஆலன் மெக்கேன் அதைச் செம்மைப்படுத்தியிருந்தார். முக்குளிப்பவர் ஒருவர் இறங்கி அந்த அறையின் வடத்தைக் கப்பலின் வாயிலில் கட்டினார். நான்கு நடைகளில் 33 பேரும் மேலே வந்தார்கள். அதற்கு முன் இப்படி யாரும் மீட்கப்பட்டதில்லை.

அந்த மணி அறை வேலை செய்த விதத்தைப் புரிந்துகொண்டால் இன்றைய மீட்புக் கலங்களும் புரிந்துவிடும். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். நூறு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பையும் நீர் சுமார் 100 டன் எடையோடு அழுத்துகிறது. 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாயிலின் மூடிமீது 38 டன். உள்ளே சாதாரண அழுத்தம் இருக்கும்வரை எந்த மனிதக் கையாலும் அதை வெளிப்பக்கமாகத் தள்ள முடியாது.

மீட்புக் கலம் அந்த எடையைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. கலத்தின் அடியில், திறந்த வாயுள்ள வட்டமான உலோக அறை ஒன்று இருக்கும். கப்பலின் வாயிலைச் சுற்றியுள்ள வழவழப்பான உலோக வளையத்தின் மீது அதைப் பொருத்தி, நடுவில் உள்ள நீரை வெளியே இறைத்துவிடுவார்கள். உள்ளே அழுத்தம் சட்டென்று விழும். வெளியில் உள்ள கடல் முழு எடையோடு கலத்தைக் கப்பலோடு சேர்த்து அழுத்தும். அந்த அறையின் விட்டம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நூறு மீட்டர் ஆழத்தில் அந்தப் பிடி சுமார் 175 டன். பூட்டோ ஆணியோ வேண்டாம். இரு மூடிகளையும் திறந்துவிட்டால் ஈரம் படாமல் ஏறி வரலாம்.

எல்லாம் அந்த வளையத்தில் இருக்கிறது. அது தட்டையாக இருக்க வேண்டும். அருகே குழாயோ கைப்பிடியோ குறுக்கிடக் கூடாது. அத்தனை டன்னையும் தாங்க வேண்டும். அளவு பொருந்த வேண்டும். ஓர் ஊர்க் குழாய்க்கு இன்னோர் ஊரில் வாங்கிய மரை சேராது என்பதைப் போல, ஒரு நாட்டு மீட்புக் கலம் இன்னொரு நாட்டுக் கப்பலில் உட்காராமல் போகலாம். குழாய் ஒழுகினால் மாற்றி வாங்கலாம். இங்கே அதற்கு நேரம் கிடையாது. இதற்காக நேட்டோ நாடுகள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட 1297-ஆம் எண் தர உடன்பாடு, வளையத்தின் அளவையும் வலிமையையும் வரையறுக்கிறது. நேட்டோவுக்கு வெளியே உள்ள பல நாடுகளும் தங்கள் நீர்மூழ்கிகளை அதே அளவுக்குக் கட்டுகின்றன. போரில் ஒன்றையொன்று மூழ்கடிக்கக் கட்டப்பட்ட கப்பல்களின் முதுகில் ஒரே அளவு வளையம் இருப்பது, மனித இனம் செய்துகொண்ட மிக நல்ல உடன்பாடுகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

அந்த வளையம் இருந்தும் உயிர் போகலாம் என்பதை 2000 ஆகஸ்ட் 12 காட்டியது.

அன்று காலை, பேரண்ட்ஸ் கடலில் பயிற்சியில் இருந்த ரஷ்யாவின் 'குர்ஸ்க்' அணுசக்தி நீர்மூழ்கியில் ஒரு டார்பிடோ வெடித்தது. அதன் எரிபொருளில் இருந்த ஹைட்ரஜன் பெராக்சைடு கசிந்ததே காரணம். இரண்டே கால் நிமிடம் கழித்து மற்ற டார்பிடோக்களும் வெடித்தன. அந்த இரண்டாவது அதிர்ச்சியை நார்வேயின் நிலநடுக்கமானிகள் பதிவு செய்தன. 118 பேரோடு கப்பல் 108 மீட்டர் ஆழத்தில் போய் அமர்ந்தது. கப்பலின் நீளமே 154 மீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். செங்குத்தாக நின்றிருந்தால் ஒரு முனை நீருக்கு வெளியே தெரிந்திருக்கும்.

பின்பகுதியில் உள்ள ஒன்பதாவது அறைக்கு 23 பேர் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் மூத்த அதிகாரியான திமித்ரி கலெஸ்னிகோவ், அங்கே இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் மனைவிக்குச் சில வரிகளையும் காகிதத்தில் எழுதி வைத்தார். பிற்பாடு வெளிச்சமே இல்லாமல் தடவித் தடவி எழுதியதும் அதில் உண்டு. அக்டோபரில் முக்குளிப்பவர்கள் அவருடைய உடலோடு அந்தக் காகிதத்தைக் கண்டெடுத்தார்கள்.

ரஷ்யாவின் சொந்த மீட்புக் கலங்கள் மோசமான வானிலையில் திரும்பத் திரும்ப இறங்கியும் வளையத்தில் பொருந்த முடியவில்லை. பிரிட்டனும் நார்வேயும் உதவ முன்வந்தன. ரஷ்யா ஒப்புக்கொண்டது ஆகஸ்ட் 16-ஆம் தேதி. பிரிட்டனின் எல்ஆர்5 மீட்புக் கலத்தை ஏற்றிய கப்பலும், எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்து பழகிய நார்வே முக்குளிப்பவர்களின் கப்பலும் விபத்து நடந்து ஒரு வாரம் கழித்தே அங்கே வந்து சேர முடிந்தது. ஆகஸ்ட் 21 அன்று முக்குளிப்பவர்கள் வாயிலைத் திறந்தார்கள். உள்ளே முழுக்கத் தண்ணீர்.

பிந்தைய விசாரணையின் முடிவுப்படி, அந்த 23 பேரும் வெடிப்பு நடந்து சுமார் எட்டு மணி நேரத்துக்குள் இறந்துவிட்டார்கள். ஆக்சிஜன் தரும் ரசாயனத் தட்டு ஒன்று எண்ணெய் மிதந்த நீரில் பட்டுத் தீப்பிடித்து, மிச்சமிருந்த காற்றையும் தின்றுவிட்டது. அப்படியானால் வெளிநாட்டு உதவி முதல் நாளே அழைக்கப்பட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று சிலர் சொல்வார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உதவியை ஏற்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில், உள்ளே யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பது மேலே இருந்த யாருக்கும் தெரியாது. தெரியாத நிலையில் எடுக்கப்படும் முடிவை, உயிரோடு இருக்கிறார்கள் என்று நம்பித்தான் எடுக்க வேண்டும்.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ஒளிந்திருப்பதே நீர்மூழ்கியின் பலம். அது எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் போகும் என்பதெல்லாம் ரகசியம். உதவி கேட்டால் முதலில் சொல்ல வேண்டியவையும் இவையே: இடம், ஆழம், சாய்வு, உள்ளே எத்தனை பேர், காற்று எத்தனை மணி நேரம் வரும், வாயில் எப்படித் திறக்கும். ஒரு கடற்படை அறுபது ஆண்டுகள் காத்த ரகசியத்தை ஒரு மணி நேரத்தில் அந்நியருக்குச் சொல்லச் சொல்கிறோம். எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று முன்பே முடிவு செய்யாமல் இருந்தால், அந்த மணி நேரம் நாளாகும், நாள் வாரமாகும்.

அந்தப் பாடத்திலிருந்து 2003-ல் பிறந்தது இஸ்மெர்லோ. நீர்மூழ்கி மீட்புக்கான சர்வதேசத் தொடர்பு அலுவலகம் இது. அமெரிக்காவின் நார்ஃபோக்கில் தொடங்கி இப்போது லண்டனை ஒட்டிய நார்த்வுட்டில் இயங்குகிறது. இதற்குச் சொந்தமாகக் கப்பல் கிடையாது. எந்த நாட்டிடம் எந்த மீட்புக் கலம் இன்று வேலை செய்யும் நிலையில் இருக்கிறது, அதை ஏற்றும் விமானம் எது, விபத்து நடந்த இடத்துக்கு அருகில் போதுமான பளுதூக்கியும் அகலமான தளமும் உள்ள கப்பல் எது என்ற கணக்குகளைக் கையில் வைத்திருப்பதே இதன் வேலை. நேட்டோவில் இல்லாத நாடுகளும் இதைப் பயன்படுத்தலாம். பிரான்ஸ், நார்வே, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து வைத்திருக்கும் மீட்பு அமைப்பு, ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேனில் இருந்து கிளம்பி 72 மணி நேரத்துக்குள் முதல் ஆளை மேலே கொண்டுவர வேண்டும் என்ற இலக்கோடு வடிவமைக்கப்பட்டது. அதன் கலம் 610 மீட்டர் வரை இறங்கும். கப்பல் 60 டிகிரி சாய்ந்து கிடந்தாலும் பொருந்தும்.

பயிற்சியும் சேர்ந்தே நடக்கிறது. நேட்டோ நாடுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீர்மூழ்கிகளை வேண்டுமென்றே கடலடியில் அமரவைத்து, ஒரு நாட்டின் கலத்தை இன்னொரு நாட்டின் கப்பலில் பொருத்திப் பார்க்கின்றன. ஆசியாவில் 'பசிபிக் ரீச்' என்ற பயிற்சி 2000-ல் சிங்கப்பூரில் தொடங்கியது. 2011-ல் ஸ்பெயினின் கார்ட்டஜீனா அருகே நடந்த நேட்டோ பயிற்சியில் ரஷ்யாவின் 'அல்ரோசா' நீர்மூழ்கியும் கலந்துகொண்டது. குர்ஸ்க் மூழ்கி பதினொரு ஆண்டுகளில் அது நடந்தது. 2014-ல் கிரைமியா விவகாரத்தில் நேட்டோ ரஷ்யாவுடனான நடைமுறை ஒத்துழைப்பையெல்லாம் நிறுத்தியது. அரசுகளுக்கு அதற்கான நியாயங்கள் இருக்கலாம். மீட்பை மட்டுமாவது அந்தப் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்க வேண்டும்.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் ரோஜர் சாப்மன். 1973 ஆகஸ்ட் 29 அன்று, அயர்லாந்துக்குத் தென்மேற்கே அட்லாண்டிக் கடலில் தொலைபேசி வடம் பதிக்கும் பணியில் இருந்த 'பைசீஸ் 3' என்ற சிறு கலத்தில் அவரும் ரோஜர் மாலின்சனும் இருந்தார்கள். வேலை முடித்து மேலே வந்தபோது பின்பக்க அறையின் மூடி பிய்ந்து, நீர் புகுந்து, கலம் 480 மீட்டர் ஆழத்துக்குப் போய்ச் செருகியது. இரண்டு மீட்டர்கூட விட்டமில்லாத இரும்புக் கோளத்தில் இருவர். அவர்களிடம் இருந்த உணவு ஒரு சாண்ட்விச், ஒரு டப்பா எலுமிச்சை பானம். வட கடலில் இருந்து ஒரு கலம், கனடாவிலிருந்து விமானத்தில் இன்னொரு கலம், அமெரிக்கக் கடற்படையின் 'கர்வ்-3' தொலையியக்க எந்திரம் எல்லாம் வந்து சேர்ந்தன. பலமுறை முயன்று, வடங்களைக் கோத்து, 76 மணி நேரத்துக்குப் பின் கலத்தைத் தூக்கினார்கள். அப்போது உள்ளே மிச்சமிருந்த ஆக்சிஜன் பன்னிரண்டு நிமிடத்துக்கு வரும். இன்றுவரை இதைவிட ஆழத்திலிருந்து இப்படி யாரும் மீட்கப்பட்டதில்லை.

பிழைத்து வந்த சாப்மன் 'ரூமிக்' என்ற மீட்பு நிறுவனத்தைத் தொடங்கினார். பேரண்ட்ஸ் கடலுக்குப் போன எல்ஆர்5-ஐயும், கம்சாட்காவில் ஏழு பேரை விடுவித்த ஸ்கார்ப்பியோவையும் இயக்கியவர்கள் அந்த நிறுவனத்தின் ஆட்கள். மூன்று நாடுகள் சேர்ந்து மீட்ட ஒரு மனிதர், தன் மிச்ச வாழ்க்கையை மற்றவர்களை மீட்கும் கருவிகளுக்குக் கொடுத்தார். 2020-ல் காலமானார்.

ஒத்துழைப்பால் எல்லாவற்றையும் வெல்ல முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017 நவம்பர் 15 அன்று அர்ஜென்டினாவின் 'சான் ஹுவான்' நீர்மூழ்கி 44 பேரோடு காணாமல் போனது. பத்துக்கும் மேற்பட்ட நாடுகள் தேடலில் இறங்கின. 1982-ல் அர்ஜென்டினாவோடு போரிட்ட பிரிட்டன் கப்பலும் விமானமும் அனுப்பியது; ரஷ்யாவின் ஆய்வுக் கப்பலும் வந்தது. அமெரிக்கா அனுப்பிய கருவிகளில், ஸ்குவாலஸ் மாலுமிகளை மீட்ட மெக்கேனின் மணி அறையின் வழிவந்த அறையும் ஒன்று. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அசென்ஷன் தீவிலும் குரோசே தீவிலும் வைக்கப்பட்ட நீரொலிக் கருவிகள், கப்பல் மறைந்த அன்றே ஒரு வெடிப்பொலியைப் பதிவு செய்திருந்தன. ஓராண்டு கழித்து, 907 மீட்டர் ஆழத்தில் நொறுங்கிய நிலையில் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. உடல் தாங்கும் ஆழத்தைத் தாண்டிய நீர்மூழ்கி நொடிக்கும் குறைவான நேரத்தில் நசுங்கிவிடும். அதற்குப் பிறகு மீட்பதற்கு எதுவும் இல்லை.

2021 ஏப்ரல் 21 அன்று பாலித் தீவுக்கு வடக்கே இந்தோனேசியாவின் 'நங்காலா' 53 பேரோடு மூழ்கியபோதும் அதுதான் நடந்தது. மீட்பு உதவிக்காக 2012-லேயே இந்தோனேசியாவோடு ஒப்பந்தம் செய்திருந்த சிங்கப்பூர், தன் 'ஸ்விஃப்ட் ரெஸ்க்யூ' கப்பலை உடனே அனுப்பியது. மலேசியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எல்லாம் வந்தன. மறுநாளே விசாகப்பட்டினத்திலிருந்து இந்தியாவின் மீட்புக் கலமும் புறப்பட்டது. அது 4,000 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய பயணம். 25-ஆம் தேதி சிங்கப்பூர்க் கப்பலின் எந்திரம், 838 மீட்டர் ஆழத்தில் கப்பல் மூன்று துண்டாகக் கிடப்பதைப் படம் பிடித்தது. காப்பாற்ற ஆள் இல்லை. அந்தப் படங்கள் கிடைத்ததால் 53 குடும்பங்களுக்குத் தங்கள் பிள்ளைகள் எங்கே கிடக்கிறார்கள் என்பதாவது தெரிந்தது.

இந்தியாவிடம் இப்போது இரண்டு ஆழ்கடல் மீட்புக் கலங்கள் உள்ளன. மேற்குக் கரைக்கு மும்பையில் ஒன்று, கிழக்குக் கரைக்கு விசாகப்பட்டினத்தில் ஒன்று. 650 மீட்டர் வரை இறங்கி, ஒரு நடைக்கு 14 பேரை ஏற்றும். கட்டியது ஸ்காட்லாந்தின் ஜே.எஃப்.டி. சாப்மனின் ரூமிக் இணைந்து வளர்ந்த நிறுவனம் அது. 2021 ஜனவரியில் சிங்கப்பூரோடும், 2024-ல் தென்னாப்பிரிக்காவோடும் மீட்பு ஒப்பந்தம் செய்திருக்கிறோம். கலங்களைச் சுமந்து செல்லும் 'நிஸ்தார்' கப்பல் 2025 ஜூலையில் விசாகப்பட்டினத்தில் பணியில் சேர்ந்தது.

வங்கக் கடலில் இன்று வங்கதேசத்துக்கும் மியான்மருக்கும் நீர்மூழ்கிகள் உண்டு. அரபிக் கடலில் பாகிஸ்தானின் நீர்மூழ்கிகள் உலவுகின்றன. இந்தக் கடல்களில் ஒரு கப்பல் மூழ்கினால், 72 மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய தொலைவில் இருப்பவை பெரும்பாலும் நம் கலங்கள்தான். நட்பு நாடோ பகை நாடோ, உதவி கேட்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் வளையத்தின் அளவையும் அவர்கள் நம்மிடம் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நாமும் கேட்காமலேயே கொடுக்க வேண்டும்.